முதல் பிடி

டிசம்பரில் ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும். கிறிஸ்துமஸும் அதே மாதம்தான். வேலையும் பண்டிகையும் முட்டிக்கொள்ளும் அந்த நாட்களில், எஸ்டேட் ஒன்றில் ரைட்டராக இருக்கும் தம்பி டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காபி விளைகிற மலை என்றாலும் கடையில் நாங்கள் குடிப்பது டீதான். பாதி கிளாஸ் காலியாவதற்குள் கேட்டுவிட்டார்.

"அண்ணா, விசுவாசத்துக்குத்தான் முதலிடம் குடுக்கணும்னு ஆயர் சொல்றாருங்க. நான் விடியறதுக்கு முன்னாடி ஆள் பேர் போடப் போகணும். சாயங்காலம் எடை போட்டு, பல்ப்பர் ஓடி முடிய ராத்திரி ஆயிடுதுங்க. இதுல முதலிடத்துக்கு எங்கண்ணா போறது? என்கிட்ட கடைசி இடமே காலி இல்லீங்க."

அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவசரமில்லாதவர்கள் இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

இந்த முதலிடப் பேச்சு மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் இருந்து வருகிறது. தேவனுடைய ராஜ்யத்தை முதலில் தேடச் சொல்லும் இடம் அது. காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வீட்டு நிலைப்படிக்கு மேலும் அந்த வசனத்தைப் பார்த்திருப்பீர்கள். வசனத்தை மட்டும் தனியே வெட்டி ஒட்டுவதால், அதற்கு முன்னால் என்ன பேச்சு நடந்தது என்பது மறந்துவிடுகிறது. பேச்சு சாப்பாட்டையும் துணிமணியையும் பற்றியது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற கவலை உள்ளவர்களிடம்தான் இயேசு அதைச் சொல்கிறார். கலிலேயாவில் அவர் பின்னால் போன கூட்டத்தில் மீன்பிடிக்கிறவர்களும் உழவர்களும் அன்றாடக் கூலிக்காரர்களும்தான் அதிகம். நேரம் நிறைய உள்ளவர்களுக்காகச் சொன்ன உபதேசம் என்று நினைத்து ரைட்டர் தம்பி ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவரைப் போன்றவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இந்த வசனம் வரும் மலைப்பிரசங்கத்தில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று இயேசு சொல்வது மூன்று இடங்களில். ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்குச் சகோதரனின் மனக்குறை நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகி வரச் சொல்கிறார். ஆறாம் அதிகாரத்தில் ராஜ்யத்தை முதலில் தேடச் சொல்கிறார். ஏழாம் அதிகாரத்தில், அடுத்தவன் கண்ணில் இருக்கும் துரும்பைத் தேடுகிறவனிடம், முதலில் தன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை எடுக்கச் சொல்கிறார். நடுவில் உள்ளதை மட்டும் நாம் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டோம். மற்ற இரண்டையும் மாட்ட ஆணி அடிக்கவில்லை. விசுவாச வாழ்க்கையில் நமக்கு வரும் குழப்பம் பாதி இதனால் வந்தது என்பது என் எண்ணம்.

சுவரில் மாட்டியதில் இருந்தே தொடங்குவோம். ராஜ்யத்தை முதலில் தேடுவது பெரிய வார்த்தை. அதைச் சமையல்கட்டு அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு வேண்டிய அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார்கள். களைவதற்கு முன் அதில் இருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் அது ஆலயத்துக்கு வரும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் சேரும். பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து, பழுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். யார் வீட்டு அரிசி எது என்று அதற்குப் பிறகு பிரிக்க முடியாது. விற்ற பணம் ஊழியத்துக்கோ, இல்லாதவர் வீட்டுக்கோ போகும்.

இந்தப் பிடி அரிசி ஒரு திருமண்டலத்தையே தாங்கிய கதையும் உண்டு. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராகித் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் பணி செய்தார். அந்தத் திருமண்டலத்தில் பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைகள். அங்கே பெண்கள் சமைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசி சபையைத் தாங்கியது. மிசோரமில் 1910-ல் இதே பழக்கம் தொடங்கி, 'பூஃபாய் தாம்' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்றும் சொல்ல முடியாது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பிடி அரிசித் திட்டத்தை ஊக்குவித்தவர்தான்.

இதில் பார்க்க வேண்டியது, எடுக்கிற நேரம். சாப்பிட்டு மீந்ததில் இருந்து எடுப்பதில்லை. அளந்த அரிசியில் இருந்து எடுப்பதால் அன்றைய சோற்றில் ஒரு பிடி உண்மையாகவே குறைகிறது. ஆனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. அளவு சிறியது, ஆனால் தினமும் உண்டு, முதலிலும் வந்துவிடுகிறது. மிஞ்சினால் கொடுக்கலாம் என்று காத்திருக்கும் வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை என்பது குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும்.

நேரத்துக்கும் இதே கணக்குதான். "காலையில ஒரு மணி நேரம் ஜெபிக்க உங்களால ஆகாது தம்பி. ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, போனைத் தொடறதுக்கு முன்னாடி இரண்டு நிமிஷம் குடுங்க. அரைச் சங்கீதம் போதும்" என்றேன். ராத்திரி கண் சொக்கிக்கொண்டே வாசிக்கும் இரண்டு அதிகாரத்தைவிட அந்த இரண்டு நிமிடம் மேல்.

"அவ்வளவு போதுங்களாண்ணா?"

போதும் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு நாளில் மற்றதெல்லாம் ஏற வேண்டும். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துத்தான் மிளகுக்கொடி ஏறுகிறது. மிளகு விளைச்சல் கணக்கில் அந்த மரத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. மரத்தை வெட்டினால் கொடி தரையில் கிடக்கும். விசுவாசம் முதலில் இருக்கிறது என்றால், கூலி கொடுப்பதும் வியாபாரம் பேசுவதும் பிள்ளையைக் கண்டிப்பதும் அதைப் பிடித்து ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே, தோலுரிக்கும் பல்ப்பரில் போட்டாக வேண்டும். வைத்திருந்தால் புளித்துப்போய்க் கொட்டையின் தரம் கெடும். களத்தில் காயப்போட்டதைப் பகலில் கிளறிவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் பனி படாமல் மூட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பின்தங்கி ஒரு தூறல் போட்டால் ஓடிப்போய் வார வேண்டும். ஆராதனை நடக்கும்போது மேகம் கறுத்தால் என்ன செய்வது? ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டை எவன்தான் தூக்காமல் விடுவான் என்று இயேசுவே கேட்டிருக்கிறார். களத்தில் கிடக்கும் காபிக்கும் அந்தப் பதில் பொருந்தும். போய் மூடிவிட்டு வரலாம்.

ஆனால் மாடு வாராவாரம் கிணற்றில் விழுந்தால், விழுவது மாடா அல்லது நம் ஆசையா என்று யோசிக்க வேண்டும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமே வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றது. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்க, அவர் தோட்டத்து ஆட்கள் அதே நேரத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தால், அந்த ஓய்வுநாள் ஒருவருடைய வசதிக்கு மட்டும் ஆனது. மோசேயின் கட்டளையில் ஓய்வு வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது.

ராஜ்யத்தை முதலில் தேடினால் குடும்பத்தையும் உலகத்தையும் விட்டுவிட வேண்டுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. அவர்கள் மலையடிவாரத்துச் சேலத்துக்காரர் ஒருவரைத் தெரிந்துகொள்ளலாம். 1876-ல் சேலத்தில் பிறந்த கே.டி. பால். கனகராயன் திருச்செல்வம் பால் என்பது முழுப்பெயர். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் அசரியாவும் அவரும் மற்றவர்களும் கூடி இந்தியத் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. பிறகு 1916-ல் பால் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலரானார். ஒய்.எம்.சி.ஏ.வில் அவர் கவனம் போனது கிராமத்தின் கடன் பக்கம். வட்டிக்கடையில் மாட்டிக்கொண்ட உழவனிடம் ஆத்துமாவைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன்? கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்தார். அவர் தூண்டுதலில் வளர்ந்த கிராமப் பணியில்தான் மார்த்தாண்டம் மையமும் வந்தது. மார்த்தாண்டம் தேன் என்று நாம் வாங்குகிறோமே, அந்தத் தேனீ வளர்ப்புக்கு அடிகோலியது அங்கே இருந்த ஒய்.எம்.சி.ஏ.தான். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனவர், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்ற நிலையில் இருந்தார். 1931-ல் சேலத்திலேயே காலமானார். குடும்பஸ்தர், அலுவலகக்காரர், ஒரு கூட்டம் விட்டு இன்னொரு கூட்டம் என்று அலைந்தவர். அவருக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான் இருந்தது.

எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும் நம் பக்கத்தில் உண்டு. 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் டாக்டர்கள். பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர், கம்பளி நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. ஆலைக் குடும்பத்துப் பிள்ளை கதர் கட்டிக்கொண்டு, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஊர் மக்களுக்கு ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த நேரம், கதரோடு நின்ற வெள்ளைக்காரரான சின்னண்ணனைப் போலீஸ் அடித்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அது பெரிதானது. எல்லோரும் ஆசிரமத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதலில் வைத்த ஒன்று, உடுத்துகிற துணிவரைக்கும் வந்து சேரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ஏழாம் அதிகாரத்து உத்திரம். ஏற்காட்டில் இதை மிளகு மூட்டையில் வைத்துப் பார்க்கலாம். மிளகு நன்றாகக் காய்ந்தால் எடை குறையும். இரண்டு நாள் வெயில் குறைத்து ஈரத்தோடு மூட்டை கட்டினால் எடை நிற்கும், ஆனால் வாங்கியவர் குடோனில் பூஞ்சை பிடிக்கும். வாங்குகிறவரும் சும்மா இருப்பதில்லை. மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று தன் இஷ்டத்துக்குக் கழிப்பார். விற்றவர் வியாபாரியைத் திருடன் என்கிறார், வியாபாரி விற்றவரைத் திருடன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பது நீதிமொழிகள் படித்தவர்களுக்குத் தெரியாத செய்தியா? தம்பியிடம் இதைச் சொன்னபோது கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தராசு என் கையிலதாங்கண்ணா இருக்குது."

"அதான் தம்பி சொல்றேன். பறிக்கிற அம்மா கூடையில இருக்கிற பழத்தைச் சரியா எடை போட்டு நோட்டுல எழுதறீங்களே, அதுவும் ஆராதனைதான்."

தராசு கையில் இல்லாதவர்களுக்கும் உத்திரம் உண்டு. உபவாசக் கூட்டத்துக்கு வராதவனை விசுவாசம் குறைந்தவன் என்று பேசுவோம். நம் வீட்டில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஜெபம் செய்யுங்கள், அந்தக் கையோடு ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்தை மறுப்பதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு ஆயிரம் ரூபாய் விதைத்தால் நாளைக்கு லட்சமாக அறுக்கலாம் என்று யாராவது சொன்னால், பிடி அரிசி போட்ட நம் பாட்டி அரிசிப் பானை பெருகும் என்று எதிர்பார்த்தா போட்டார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொன்ன இடம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாக ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே, சாதி வழக்கத்தில் கைவைத்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். கத்தோலிக்கர் பக்கமும் கதை வேறல்ல. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்களாகக் கோயிலைக் கட்டினார்கள், ஒரு சாதியார் இன்னொரு சாதியாரோடு சேராமல் பூசை காண்பதற்காக. 1910-ல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, அது தங்கள் உரிமை என்று சிலர் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பழைய கதை என்று தள்ளவும் வழியில்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

இவர்களில் யாரும் விசுவாசம் இல்லாதவர்கள் அல்ல. பாடினார்கள், நோன்பு இருந்தார்கள், காணிக்கை போட்டார்கள். ராஜ்யத்தைத் தேடுவதை முதலில் வைத்துக்கொண்டு, சகோதரனோடு ஒப்புரவாவதைக் கடைசியிலும் வைக்காமல் விட்டார்கள். இன்றைக்கும் பெண் பார்க்கப் போகும் கிறிஸ்தவ வீட்டில் முதல் கேள்வி ஞானஸ்நானத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. நம் வீட்டில் எது முதலிடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த ஒரு கேள்வி போதும்.

ஒப்புரவு சபைக்கு வெளியேயும் போக வேண்டும். ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில் வருகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் கிராமம் கிராமமாகத் திரண்டு வருவார்கள். தோட்டத்தில் நம்மோடு பழம் பறிக்கிறவர்கள் அவர்கள். கிறிஸ்துமஸுக்கு நாம் லீவு கேட்கிறோம் என்றால், அவர்கள் திருவிழாவுக்கு லீவு கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கும்போது முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். நம் விசுவாசத்துக்கு முதலிடம் கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரரைக் கடைசியில் தள்ளுவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை.

கேள்வி கேட்ட தம்பி டீக்குக் காசு கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பண்டிகை வருகிறது. காணிக்கைக் கவரில் பணத்தை வைத்து ஒட்டுவதற்கு முன், யாருக்காவது கூலி பாக்கி இருக்கிறதா, எடையில் குறைத்தது உண்டா, பேச்சு நின்றுபோன தம்பியோ தங்கையோ இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். ஆராதனைக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை. காணிக்கை காத்திருக்கலாம் என்று சொன்னவர் அதை வாங்கிக்கொள்கிறவர்தான்.